லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு பயணப் பாடம்



மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் நம் பொழிச்சலூர். விமானச் சத்தம் நமக்குப் பழகிப் போனது. ஆனால் அதில் ஏறி ஐரோப்பாவுக்குப் போவது நம்மில் பெரும்பாலோருக்கு இன்னும் புதிது. முன்பு நம் பிள்ளைகள் துபாய், சவூதி, குவைத் என்று போனார்கள். இப்போது லண்டனுக்கும் படிக்கப் போகிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். மகனுக்குப் பட்டமளிப்பு விழா, மகளுக்குப் பிரசவம், பேரப்பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும் என்ற ஆசை என்று ஏதோ ஒரு காரணத்தால் அத்தாவும் அம்மாவும் பெட்டி கட்டுகிறார்கள். வயது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடவே வரும். செலவுக்கு எடுப்பது வாழ்நாள் சேமிப்பாக இருக்கும்.

ஆகவே இந்தப் பாடத்தை ஊர் சுற்றிப் பார்க்கும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விசா, உடல்நலம், பணம், தொழுகை ஆகிய நான்கிலும் தெரியாமல் சிக்கிக்கொள்ளாதிருக்க, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

1. விசா: உண்மையைத் தவிர வேறு வழி இல்லை

பெற்றோர் எடுக்க வேண்டியது பார்வையாளர் விசா. ஒரு வருகையில் அதிகபட்சம் 6 மாதம் தங்கலாம். 2, 5, 10 ஆண்டு விசாவும் உண்டு. அதை எடுத்தாலும் ஒவ்வொரு வருகையும் 6 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. விண்ணப்பத்தைப் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். பிறகு சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் போய்க் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். பயணத் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 3 வாரத்தில் வரும். கட்டணம் அடிக்கடி மாறுவதால் அன்றைய தொகையை அரசு இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. எனவே விசா கைக்கு வரும் முன், திருப்பித் தராத விமானச் சீட்டை எடுக்காதீர்கள்.

அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது இவைதான்: இவர் எதற்காக வருகிறார், செலவை யார் ஏற்கிறார், சொன்ன தேதியில் திரும்புவாரா? பிள்ளையின் அழைப்புக் கடிதம், அங்கே அவர் தங்கியிருப்பதற்கான அனுமதிச் சான்று, உங்கள் 6 மாத வங்கிக் கணக்கு விவரம், ஓய்வூதியம், வாடகை வருமானம், சொத்துப் பத்திரம், கடை வைத்திருந்தால் அதன் பதிவு, வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஜமாஅத் தந்த நிக்காஹ் சான்றும் அப்படித்தான்.

நம் சமுதாயத்தில் பெயர்க் குழப்பம் அதிகம். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து, மகனின் பிறப்புச் சான்றில் இனிஷியல் மட்டும் என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று அங்கே இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பிப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த முடிந்ததை முதலில் திருத்துங்கள். முடியாததை விண்ணப்பத்திலேயே விளக்கி எழுதுங்கள்.

இனி, ஏமாறும் இடம். “விசா உறுதி, பணம் கொடுங்கள்” என்று சொல்லும் எந்த ஏஜென்டையும் நம்ப வேண்டாம். விசா கொடுப்பதும் மறுப்பதும் அந்த நாட்டு அதிகாரி கையில் இருக்கிறது. கணக்கில் பணம் காட்டுவதற்காக விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் 5 லட்சம் கைமாற்று வாங்கிப் போடுவதும் உதவாது. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் அதனால் எழும். பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால் 10 ஆண்டுகள் வரை அந்த நாட்டுக்குள் நுழையத் தடை விழலாம். அந்தப் பத்து ஆண்டில் பேரப்பிள்ளை வளர்ந்துவிடும். பொய் சாட்சியத்தின் பாவம் வேறு தலையில் ஏறும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. “பார்வையாளர் விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்த விசாவில் சம்பளத்துக்கும் வேலை செய்யக் கூடாது, சம்பளம் இல்லாமலும் கூடாது. பார்க்கப் போன இடத்தில் பாட்டி பேரனைத் தூக்கி வைத்துக்கொள்வது குற்றமல்ல. ஆனால் குழந்தையைக் கவனிக்கும் ஆளாக அமர்ந்துகொள்ளத்தான் போகிறார் என்று தெரிந்தால் விசா கிடைக்காது.

பிரிட்டன் விசாவை வைத்துக்கொண்டு பாரிஸுக்குப் போக முடியாது. பிரான்ஸ் முதலிய நாடுகளுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும்.

2. உடல்நலம்: குடும்பத்தை உலுக்கும் செலவு இங்கேதான்

“அங்கே வைத்தியம் இலவசம்” என்று நம் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பாதிதான் உண்மை. அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கொடுக்கும் சிகிச்சைக்கு யாரிடமும் பணம் வாங்குவதில்லை. ஆனால் அங்கிருந்து வார்டுக்குள் அனுமதித்துவிட்டால், பார்வையாளர் விசாவில் போன நம்மிடம் அவர்களின் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிப்பார்கள். நெஞ்சுவலி வந்து சில நாள் படுத்தாலே ரூபாய்க் கணக்கில் பல லட்சம் ஆகிவிடும். 500 பவுண்டுக்கு மேல் கட்டாமல் விட்டுவந்தால் அடுத்த விசா மறுக்கப்படவும் கூடும். பிள்ளை அங்கே கட்டியிருக்கும் சுகாதாரக் கட்டணம் பிள்ளைக்கு மட்டுமே, பெற்றோரைக் காப்பாற்றாது.

எனவே பயண மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு இழப்பீடு இல்லை என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதய சிகிச்சை அனைத்தையும் மறைக்காமல் எழுதி, அவற்றுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். பிரீமியம் கூடும்தான். அந்தக் கூடுதல் சில ஆயிரம் ரூபாய் வீட்டை அடகு வைக்கும் நிலையிலிருந்து காப்பாற்றும்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹ்வின் கையில். வெளியூரில் மவுத் ஏற்பட்டால் மையித்தை ஊருக்குக் கொண்டுவரும் செலவு காப்பீட்டில் அடங்குமா என்று கேட்டு வையுங்கள். லண்டனில் ஜனாஸா காரியங்களைச் செய்து தரும் பள்ளிவாசல்களும் முஸ்லிம் மையவாடிகளும் இருக்கின்றன. திடீர் மரணமாக இருந்தால் அந்நாட்டு விசாரணை அதிகாரி அனுமதித்த பிறகே அடக்கம் செய்ய முடியும் என்பதால் சில நாள் தாமதமாகலாம். எங்கே அடக்க வேண்டும் என்ற விருப்பத்தைப் பெரியவர்கள் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் அந்த நேரத்தில் அவர்கள் தடுமாற மாட்டார்கள்.

மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கு நம் மருத்துவர்கள் எழுதும் பிரிகாபலின், வலிக்கு எழுதும் டிரமடால் இரண்டும் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். தங்கும் காலத்துக்குத் தேவையான அளவு, 3 மாதத்துக்கு மிகாமல், மருத்துவர் கடிதத்தோடு இருக்கட்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். கீழே சரக்கோடு போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் மாத்திரையைத் தொழுகையோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள்: மக்ரிப் தொழுதால் இரவு மாத்திரை. லண்டனில் ஜூன் மாதம் மக்ரிப் இரவு 9.20 மணி அளவில் வரும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே வந்துவிடும். பழைய பழக்கப்படி போட்டால் சர்க்கரை ஏறும் அல்லது திடீரென இறங்கும். அங்கே கடிகாரத்தைப் பார்த்துத்தான் மாத்திரை போட வேண்டும். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் வித்தியாசம். பயண நாளில் எப்படி மாற்றிக்கொள்வது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபத்து என்றால் 999. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111.

3. பெட்டியில் எது, எது வேண்டாம்

மகளுக்குப் பிடிக்கும் என்று உப்புக்கண்டம், கறி ஊறுகாய், பால்கோவா, நெய் கட்டிக் கொடுக்கத் தோன்றும். இறைச்சி, பால் சேர்ந்த பொருட்களை நம் நாட்டிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும். பச்சைக் காய், பழம், இலைக்கான விதி வகைக்கு வகை மாறும்; அன்றைய பட்டியலைப் பார்க்காமல் வைக்காதீர்கள். மசாலாத் தூள், பருப்பு, அப்பளம் போதும். மற்றவை லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதித் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கின்றன.

நம் பிளக் அங்கே பொருந்தாது. மூன்று சதுரக் கால் உள்ள அடாப்டர் ஒன்று வாங்கிவையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கோடையிலும் திடீரென மழையும் குளிரும் வரும் என்பதால் ஒரே கனமான கோட்டை விட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் உடைகள் நல்லது. பெரும்பாலான கழிவறைகளில் காகிதம் மட்டுமே இருக்கும். ஒரு சிறிய பிளாஸ்டிக் பாட்டில் கைப்பையில் இருந்தால் சுத்தத்துக்குச் சிரமம் இல்லை.

உறவினர் யாராவது பழைய பவுண்டு நோட்டுகள் கொடுத்தால் பார்த்து வாங்குங்கள். காகிதத்தில் அச்சிட்ட 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. இப்போது புழங்குவது பிளாஸ்டிக் நோட்டு. பழையதை இங்கிலாந்து வங்கியில் மாற்றிக்கொள்ளலாம்.

4. இறங்கியதும்

குடியேற்ற அதிகாரி கேட்பது எளிய கேள்விகள்தான்: யாரைப் பார்க்க வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள்? விண்ணப்பத்தில் எழுதியதையே சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பிள்ளையின் முகவரி, கைப்பேசி எண், திரும்பும் சீட்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் போக மலிவான வழி பிக்கடில்லி சுரங்க ரயில். 2022 மே மாதம் திறந்த எலிசபெத் லைன் கட்டணம் கொஞ்சம் கூடுதல். ஆனால் விரைவு, பெட்டியோடு ஏற வசதி. ஈஸ்ட் ஹாம் போகிறவர்கள் எலிசபெத் லைனில் வொயிட்சேப்பல் வரை வந்து, அங்கே டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறலாம்.

லண்டன் பஸ்ஸில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை. தொட்டுக் கட்டணம் செலுத்தும் வங்கி அட்டை அல்லது ஆய்ஸ்டர் அட்டை வேண்டும். சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அட்டையைத் தொட வேண்டும். மறந்தால் அதிகக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். முதல் தொடுதலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ்ஸில் ஏறினால் கட்டணம் இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்ற உச்சவரம்பும் உண்டு. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையில் அத்தாவும் அம்மாவும் போக முடியாது.

சுரங்க ரயில் 1863ல் தொடங்கியது, உலகிலேயே முதலாவது. பழமையானது என்பதால் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் படி இல்லாத நிலையங்களைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துக் கிளம்புங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள். நகரும் படிக்கட்டில் வலது பக்கம் ஒதுங்கி நிற்பது அங்கே ஒழுங்கு. சாலையோரம் நின்று கைப்பேசியைப் பார்க்காதீர்கள். சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல்துறையில் புகார், பிறகு ஆல்ட்விச் பகுதியில் இந்தியா ஹவுஸில் உள்ள இந்தியத் தூதரகம். பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்று பிள்ளையிடமும் ஒன்று பொழிச்சலூர் வீட்டிலும் இருக்கட்டும்.

5. தொழுகையும் உணவும்

நமக்குக் கிப்லா மேற்கே. லண்டனில் தென்கிழக்கே. பழக்க தோஷத்தில் மேற்கே நின்றுவிடாமல், போன முதல் நாளே வீட்டில் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஆண்டு முழுவதும் மக்ரிப் நேரம் ஒரு மணி நேர அளவுக்குள்தான் முன்பின் மாறும். லண்டன் வடக்கே வெகு தூரத்தில் இருப்பதால் அங்கே கோடையில் இஷாவுக்கும் பஜ்ருக்கும் இடையே தூங்க நேரம் குறைவு. ஜூன் மாத இரவில் முழு இருட்டு வருவதே இல்லை. அதனால் இஷா, பஜ்ர் நேரத்தைக் கணக்கிடுவதில் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் வேறுபாடு இருக்கும். பிள்ளைகள் தொழும் பள்ளிவாசலின் அட்டவணையைப் பின்பற்றுங்கள், குழம்பாதீர்கள். டிசம்பரில் நேர் எதிர்: நண்பகல் தொடங்கி நாலு மணிக்குள் லுஹர், அஸர், மக்ரிப் மூன்றும் வந்துவிடும். கடைத்தெருவுக்குப் போனால் அஸர் தவறிவிடும் என்பதை நினைவில் வைத்துக் கிளம்புங்கள்.

வெளியூரில் இருக்கிறோம் என்று மூன்று மாதமும் கஸ்ர் தொழுவது சரியல்ல. ஓர் ஊரில் 15 நாளோ அதற்கு மேலோ தங்கும் நிய்யத் இருந்தால் ஹனஃபி மத்ஹபில் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபி மத்ஹபில் போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்கும் நிய்யத் இருந்தாலே முழுமையாகத் தொழ வேண்டும். மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்குகிறவர் இரு மத்ஹபின்படியும் முகீம்தான். வழிப்பயணம், விமானத்தில் தொழுகை பற்றிய சந்தேகங்களை நம் இமாமிடம் முன்பே கேட்டுத் தெளியுங்கள். ஹீத்ரோவில் தொழுவதற்கு அறை உண்டு.

ஹலால் உணவுக்கு லண்டனில் பஞ்சமில்லை. ஆனால் ஒரே பெயருள்ள துரித உணவுக் கடைகளில் ஒரு கிளை ஹலாலாகவும் இன்னொன்று அல்லாததாகவும் இருக்கும். போர்டை மட்டும் பார்க்காமல் சான்றிதழைக் கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இனிப்பில் ஜெலட்டினும் கேக்கில் மதுவும் சேர்ந்திருக்கலாம் என்பதால் உறையை வாசித்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

6. பார்க்க வேண்டியவை: செலவில்லாத லண்டன்

கோபுரம், அரண்மனை என்று சீட்டு வாங்கிப் பார்ப்பவை பிள்ளைகள் அழைத்துப் போவார்கள். நம் வரலாறு கிடக்கும் இடங்களைச் சொல்கிறேன். பெரும்பாலும் காசு இல்லாமல் பார்க்கலாம்.

சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்துச் செல்லப்பட்ட திப்பு சுல்தானின் புலி பொம்மை அங்கே இருக்கிறது. பேரப்பிள்ளையோடு போய் நின்று அந்தக் கதையைச் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்தில் அதை அவர்கள் வேறு விதமாகப் படித்திருக்கலாம். அருகிலேயே இருக்கும் அறிவியல் அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இலவசம்தான். பிரிட்டிஷ் நூலகத்தின் சேகரிப்பில், கெய்ரோவில் 1304 முதல் 1306 வரை எழுதப்பட்ட, 7 பாகம் கொண்ட சுல்தான் பைபர்ஸ் குர்ஆன் உள்ளது. அன்று காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஜார்ஜ் தெருவில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது 1810ல் அந்தத் தெருவில் ஒரு இந்திய உணவகம் தொடங்கினார். லண்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் உணவகம் அதுதான் என்கிறார்கள். இரண்டு ஆண்டில் நொடித்துப் போனாலும், இன்று தெருத் தெருவாக இருக்கும் உணவகங்களுக்கு அவர் முன்னோடி.

ஜும்ஆவுக்கு வொயிட்சேப்பலில் உள்ள கிழக்கு லண்டன் பள்ளிவாசலுக்கோ, ரீஜென்ட்ஸ் பார்க் அருகில் தங்க நிறக் குவிமாடத்தோடு நிற்கும் மத்தியப் பள்ளிவாசலுக்கோ போகலாம். இரண்டிலும் பெண்கள் தொழ இடம் உண்டு. வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரப் பயணத்தில் வோக்கிங் வரும். பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதல் கட்டடம், 1889ல் எழுந்த ஷாஜஹான் பள்ளிவாசல், அங்கே உள்ளது. கட்டப் பணம் கொடுத்தவர் போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகம். ஒரு இந்தியப் பெண்மணியின் ஸதகா அங்கே நிற்கிறது.

அதற்கு அருகில் புரூக்வுட் மையவாடி. குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த அப்துல்லாஹ் யூசுஃப் அலியும் மர்மடியூக் பிக்தாலும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். பிக்தால் நமக்கு அந்நியரல்ல. 1927ல் நம் சென்னைக்கு வந்து இஸ்லாமியப் பண்பாடு குறித்துத் தொடர் சொற்பொழிவு ஆற்றியவர். நேரம் கிடைத்தால் ஸியாரத் செய்து ஸலாம் சொல்லி வாருங்கள்.

கிளம்பும் முன் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. எல்லா ஆவணத்திலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா?
2. காப்பீட்டில் நம் நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா?
3. மருத்துவர் கடிதமும் மாத்திரை நேர அட்டவணையும் கைப்பையில் உள்ளனவா?
4. பெட்டியில் இறைச்சி, பால் பொருள் ஏதும் உண்டா?
5. பயணச் செலவில் வட்டிக் கடன் கலந்திருக்கிறதா? கலந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட முடியாதா?
6. ஊரில் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற கடன் விவரத்தை எழுதி வைத்தாயிற்றா?
7. திரும்பும் தேதி எல்லோருக்கும் தெரியுமா?

ஏழாவது கேள்வியை இலேசாக நினைக்க வேண்டாம். “இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன் அத்தா” என்று பிள்ளைகள் அன்பாகத்தான் கேட்பார்கள். விசா முடிந்த மறுநாள் தங்கினாலும் அது சட்ட மீறல். அடுத்த முறை பேரனின் பிறந்த நாளுக்கோ மகளின் ஆபத்துக்கோ போக முடியாமல் ஆகிவிடும். அனுமதி கொடுத்த நாட்டுக்கு நாம் கொடுத்த வாக்கும் ஓர் அமானிதம்தான்.

விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள், ஆங்கிலம் வாசிக்க ஆள் இல்லாதவர்கள், ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன் ஆவணங்களை எடுத்துக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து வாசித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

போகிறவர்களுக்கு அல்லாஹ் ஸலாமத்தான பயணத்தையும், காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் துஆவையும், எல்லோருக்கும் நலமாக ஊர் திரும்பும் பாக்கியத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்